ஜிம் மாரிசன் கல்லறை பாரிஸில்தான் இருக்கிறது

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அமெரிக்க ராக் பாடகர் ஜிம் மாரிசனின் நினைவு நாளான ஜூலை 3 அன்று அவர் பாட்டுகளைப் பாடி நினைவுகூர்ந்த படங்களுக்குக் கீழே, 'கல்லறை இடத்தின் குத்தகை முடிந்து 2001-லேயே உடலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பாரிஸில் இருப்பது வெறும் கல்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லை. குத்தகை முடியப்போகிறது என்ற பேச்சு அப்போது பரவியது உண்மை. ஆனால் உடலை மாற்றவில்லை. 1971-ல், 27 வயதில் இறந்தவரை அடக்கம் செய்த பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தின் 6-ஆம் பிரிவில்தான் இன்றும் இருக்கிறார்.

அந்த நண்பர் ஆதாரமாகப் போட்ட கல்லறைப் படத்தில் மாரிசனின் சிலை இல்லாதது உண்மைதான். 1981-ல் வைத்த அந்த மார்பளவுச் சிலை 1988-ல் திருடுபோனது. 2025 மே மாதம் பாரிஸ் போலீஸ் வேறொரு வழக்கில் சோதனை போட்டபோது கிடைத்தது. காணாமல் போனது சிலை மட்டும். அவர் அப்பா பதித்த கிரேக்க எழுத்துப் பலகை அதே படத்திலேயே தெரிகிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

சரிபார்ப்பது சுலபம். பாரிஸ் மாநகராட்சி தளத்தில் அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 6-ஆம் பிரிவில் அவர் பெயரைத் தேடுங்கள். நம்மூரில் பலருக்குப் பாரிஸில் சொந்தக்காரர்கள் உண்டே, அவர்களிடமும் கேட்கலாம். மெட்ரோ 2 அல்லது 3-ல் போனால், பெர் லஷேஸ் நிலையத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.