எண்ணுவதென்றால் எல்லா வீட்டிலும் எண்ணுங்கள்

அந்த மீமைப் பார்த்தேன். நம் வட்டத்தில் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். "உனக்குப் பிடிக்குமே" என்று எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். ஹாரி பாட்டர் கதையில் ஹாரியின் நண்பன் ரானுடைய அம்மா மோலி வீஸ்லிக்கு எல்லா மந்திரமும் தெரியுமாம், பிள்ளை பெறாமல் இருக்கும் அந்த ஒரு மந்திரம் மட்டும் தெரியாதாம். ஏழு பிள்ளையாம். சரி, சிரித்தாச்சு.

ஆனால் இந்த ஜோக் உங்கள் சொந்தச் சரக்கு இல்லை. முதல் புத்தகத்திலேயே, ரயிலில், பணக்கார வீட்டுப் பையன் டிராக்கோ மால்ஃபோய் சொல்லிவிட்டான்: வீஸ்லிகளுக்குச் சிவந்த முடி, முகமெல்லாம் புள்ளி, வளர்க்க வசதியில்லாத அளவுக்குப் பிள்ளைகள் என்று. அவனுக்குப் பதினோரு வயது, அப்பா சொன்னதை ஒப்பிக்கிறான். நீங்கள் எந்த வயதில் யார் சொன்னதை ஒப்பிக்கிறீர்கள்?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இல்லாத வீட்டில் மட்டும்தான் தலையை எண்ணுகிறோம்.

நம்பிக்கை இல்லையென்றால் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் சாமைப் பாருங்கள். தோட்டக்காரர் மகன், தோட்டக்காரன். மோதிரத்தை அழிக்கும் வேலையெல்லாம் முடிந்த பிறகு மனைவி ரோசியும் அவனும் பெற்றது 13 பிள்ளைகள். வீஸ்லி வீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அவனைப் பற்றி ஒரு மீம் காட்டுங்கள். கிடைக்காது. ஏனென்றால் அதற்குள் எஜமான் ஃப்ரோடோ தன் பேக் எண்ட் வீட்டை அவனுக்கு விட்டுப் போயாச்சு, ஐயா ஏழு முறை மேயர். வீடும் பதவியும் வந்துவிட்டால் பதிமூன்றும் செழிப்பு.

"'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையின் வால்டர் ஃப்ரேயைக் கிண்டல் செய்கிறார்களே" என்று ஒருவர் வருவார், தெரியும். செய்கிறார்கள்தான். எட்டுக் கல்யாணம் செய்த கிழவரின் கல்யாண ஆசையைக் கிண்டல் செய்கிறார்கள். "இத்தனை பிள்ளைகளுக்கும் யார் சோறு போடுவது" என்று யாராவது கேட்டார்களா? அவருடைய பாலத்தில் சுங்கம் வசூலாகிறதே, எதற்குக் கேட்கப்போகிறார்கள்.

"மந்திரம் தெரிந்தவர்களுக்கு ஏன் வறுமை" என்ற புத்திசாலிக் கேள்வியும் அந்த மீமுக்குக் கீழே இருந்தது. ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகத்தில் தோழி ஹெர்மயனி ரானுக்கு விளக்குவாளே, கேம்ப் விதி என்ற மந்திர விதி, அதைப் படிக்கவில்லையா? ஒன்றுமில்லாததிலிருந்து உணவை வரவழைக்க முடியாது. ஆனால் ஏற்கனவே கொஞ்சம் கையில் இருந்தால் அதைப் பெருக்கலாம். எனக்கு அந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். மந்திர உலகத்திலும் இருப்பவனுக்குத்தான் பெருகும்! இரண்டாம் புத்தகத்தில் மந்திரவாதிகளின் வங்கியான கிரிங்காட்ஸில் வீஸ்லிகளின் பெட்டகத்தைத் திறந்தால் ஒரு சின்னக் குவியல் வெள்ளிக்காசு, ஒரே ஒரு தங்கக்காசு. அதே புத்தகத்தில் டிராக்கோவின் அப்பா லூசியஸ் மால்ஃபோய், மகன் பறந்து விளையாடும் அணி மொத்தத்துக்கும் புது விளக்குமாறு வாங்கிக் கொடுக்கிறார். அவருக்கு ஒரே பிள்ளை. ஆகவே பொறுப்பான பெற்றோர். கைதட்டுங்கள்.

மோலி இரண்டோடு நிறுத்தியிருந்தால் பில், சார்லி, அவ்வளவுதான். ரான் இல்லை. முதல் வருஷமே, ரான் ஆடிக் காப்பாற்றிய அந்த மந்திரச் சதுரங்கப் பலகையில் ஹாரியின் கதை முடிந்திருக்கும். இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. ஆறாவது பிள்ளை பிறந்ததற்கு நியாயம் சொல்ல, அவன் உலகத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா?

நான் ஆறு பேரில் ஐந்தாவது. என் பள்ளிச் சீருடை எனக்கு முன்னால் இரண்டு அக்காக்கள் போட்டது. ஓர் ஆசிரியர் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி, "உங்க அப்பாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தம் புரியாமல் நானும் சிரித்தேன். அதே வகுப்பில் இன்னொருத்தி வீட்டில் ஐந்து பேர், காரில் வருவாள். அவளிடம் அதே ஆசிரியர் சொன்னது: "வீடே கலகலன்னு இருக்குமே!"

அர்த்தம் புரிந்த வயதில் அம்மா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா என்ன தப்புச் செய்தாள்?

"அப்படியென்றால் குடும்பக் கட்டுப்பாடே வேண்டாம் என்கிறாயா?" இல்லை, எங்கே சொன்னேன்? கருத்தடையைப் பெண் கையில் கொடுங்கள், விவரம் சொல்லுங்கள், அப்புறம் ஒதுங்கி நில்லுங்கள். எங்கள் அம்மாவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பெற்ற பிறகு எண்ண மட்டும் வந்தார்கள். பெண் பிள்ளைகள் படித்து, பிறந்த குழந்தைகள் பிழைத்தால் எண்ணிக்கை தானாகக் குறையும். எத்தனையோ நாடுகளில் குறைந்திருக்கிறது. மீம் போட்டுக் குறைந்ததாக நான் படிக்கவில்லை.

1798-லேயே மக்கள்தொகை பற்றி எழுதிய ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸ் இந்தக் கணக்கை ஆரம்பித்துவிட்டார். ஏழைகளுக்கு உதவினால் வசதியில்லாமலேயே கல்யாணம் செய்து பெற்றுத் தள்ளுவார்கள் என்று. அவருக்கு மூன்று பிள்ளைகள். யாரும் எண்ணவில்லை.

"வெறும் கற்பனைக் கதை, எதற்கு இவ்வளவு கோபம்?" கதை கற்பனைதான். நீங்கள் சிரித்தது நிஜம்.

எனக்கு ஒரே மகள். நியாயப்படி எனக்கு நற்சான்றிதழ் கிடைத்திருக்க வேண்டும். "ஒண்ணோட நிறுத்திட்டியா, சுயநலம்" என்கிறார்கள், பெரும்பாலும் அதே ஆட்கள். அவர்களுக்குத் தனிப்பதிவு உண்டு. இன்றைக்குக் கை வலிக்கிறது.