பெயரை மட்டும் கேட்காதீர்கள், அத்தை

(லிதுவேனியாவின் கடற்கரை ஊர் பலாங்கா. ஜூன் கடைசி வாரம். அடுக்களையில் பிருத்தே அம்மாள் பீட்ரூட் துருவுகிறார். பக்கத்தில் பெரிய பாத்திரம் நிறைய கெஃபீர், புளித்த மோர் மாதிரி. மருமகன் ஜில்வினஸ் வெள்ளரிக்காய் நறுக்குகிறார். எட்டு மாத கர்ப்பிணியான அவர் மனைவி எக்லே மாடியில் தூங்குகிறாள். நாலு வயது மகள் ருகிலே தோட்டத்தில்.)

பிருத்தே: பொடியாக நறுக்குங்கள் மாப்பிள்ளை. சூப்புக்குத்தான், மாட்டுக்கு இல்லை. அப்புறம்... பாப்பாவுக்குப் பெயர் முடிவு பண்ணியாச்சா?

ஜில்வினஸ்: ஆச்சு அத்தை. பிறந்த பிறகுதான் சொல்வோம். எக்லேயின் உத்தரவு.

பிருத்தே: நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்?

ஜில்வினஸ்: போன தடவையும் இதைத்தான் சொன்னீர்கள். ‘ருகிலே’ என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னோம். மறுநாள் ரொட்டிக்கடை அம்மா, “ரை தானியம் எங்கள் கடைக்கு வந்தால் மாவு, உங்கள் வீட்டுக்கு வந்தால் மகளா?” என்று கேட்கிறார்.

பிருத்தே: அவர் என் சிநேகிதி. ஊராரில் சேர்த்தி இல்லை.

ஜில்வினஸ்: என் பெயரை வைத்து இந்த ஊர் சிரித்ததே போதும் அத்தை. நாட்டுப்புறக் கதையில் வருகிற மாதிரியே எக்லேயைக் கட்டிக்கொண்ட ஜில்வினஸ்! கல்யாணத்தன்று பூங்காவில் அந்த எக்லே சிலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, போட்டோக்காரர் என்னைப் பார்த்து, “நீங்கள் கொஞ்சம் சுருண்டு நில்லுங்கள்” என்றாரே, மறந்துபோச்சா?

பிருத்தே: கதையில் ஜில்வினஸ் பாம்புகளுக்கெல்லாம் ராஜா. கௌரவமான பெயர்.

ஜில்வினஸ்: ராஜாவின் முடிவு என்ன? எக்லே பிள்ளைகளோடு ஒன்பது நாள் தாய்வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய பன்னிரண்டு அண்ணன் தம்பிகளும் பிள்ளைகளைப் பிடித்து, “உங்கப்பன் பெயர் என்ன?” என்று மிரட்டுகிறார்கள். பையன்கள் மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. கடைக்குட்டி திரெபுலே சொல்லிவிட்டாள். நேரே கடற்கரைக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அரிவாளால் தீர்த்துவிட்டார்கள். ஒரு பெயரை வெளியே விட்டதற்கு ஓர் உயிர்!

பிருத்தே: எனக்கு இரண்டே பையன்கள். அரிவாளும் கிடையாது. புல் வெட்ட மெஷின் வாங்கியாச்சு.

ஜில்வினஸ்: பெயரே போதுமே! பெரியவர் அவுத்ரியுஸ், அதாவது புயல். சின்னவர் அய்தஸ், எதிரொலி. கிறிஸ்துமஸுக்குப் புயல் ஒரு தடவை “மாப்பிள்ளை சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார்” என்றது. எதிரொலி அதையே ஈஸ்டர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

பிருத்தே: உங்கள் வீட்டில் மட்டும் என்னவாம்? ஒரு தங்கை மிக்லே, மூடுபனி. இன்னொருத்தி கியெத்ரே, தெளிந்த வானம். பெண் கொடுக்கிறோமா, வானிலை அறிக்கை கேட்கிறோமா என்று உங்கள் மாமாவே குழம்பினார்.

ஜில்வினஸ்: மாமா பெயர் அல்லவா பெயர்! கேஸ்துத்திஸ். ‘கேஸ்தி’ என்றால் பொறுத்துக்கொள்வது. பிறந்த அன்றே யாரோ ஜாதகம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

பிருத்தே: (துருவுவதை நிறுத்தி) என்ன சொன்னீர்கள்?

ஜில்வினஸ்: வெள்ளரிக்காய் போதுமா என்று கேட்டேன் அத்தை.

பிருத்தே: போதும். அங்கே கட்டுக்கட்டாக டில், அதாவது சதகுப்பைக் கீரை இருக்கிறது, அதை எடுங்கள். நான் ஒன்று சொல்லட்டுமா? பிருத்தே என்றே வையுங்கள். இந்த மண்ணின் பெயர். பலாங்காவில் புனித நெருப்பைக் காத்துக்கொண்டிருந்த பிருத்தேயைத்தான் கேஸ்துத்திஸ் கோமகன் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டார். அவர்கள் மகன்தான் மாமன்னர் வீத்தவுதஸ்.

ஜில்வினஸ்: உங்கள் பெயரில் குன்று இருக்கிறது, குன்றின் மேல் கோயில் இருக்கிறது, கீழே சாலை இருக்கிறது, வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். போதாதா?

பிருத்தே: அந்தக் காலத்தில் இப்படிப் பேசமாட்டார்கள். என் அப்பா 1930-ல் பிறந்தவர். வீத்தவுதஸ் காலமாகி 500 ஆண்டு என்று நாடே கொண்டாடிய வருஷம். அப்பாவுக்கும் அதே பெயர்தான். வகுப்பில் வாத்தியார் “வீத்தவுதஸ்!” என்று அதட்டினால் பாதி பெஞ்சு எழுந்து நிற்குமாம்.

ஜில்வினஸ்: இப்போது கடையில் “ஒரு வீத்தவுதஸ்” என்று கேட்டால் சோடா பாட்டில் எடுத்துக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

பிருத்தே: அப்பாவும் அப்படித்தான் இருந்தார். (ரகசியக் குரலில்) சரி, பெயர் வேண்டாம். மரமா, பூவா, அதை மட்டும் சொல்லுங்கள்.

ஜில்வினஸ்: மாட்டேன்.

பிருத்தே: பூ என்றால் ரமுனே, சீமைச்சாமந்தி. அருமையான பெயர். சளி பிடித்தால் டீயும் போடலாம்.

ஜில்வினஸ்: அத்தை, மரம் செடி என்றாலே எனக்குப் பயம். உங்கள் பெண்ணுக்கு ஊசியிலை மரத்தின் பெயரை வைத்தீர்கள். நீங்கள் செல்லமாக ‘எக்லுத்தே’ என்று கூப்பிட்டால் அது கிறிஸ்துமஸ் மரமாகிவிடுகிறது. டிசம்பரில் ருகிலே அம்மாவின் காதில் பொம்மை மாட்டப் பார்த்தாள்.

பிருத்தே: புத்திசாலிக் குழந்தை.

ஜில்வினஸ்: இதில் குடும்பப் பெயர் வேறு. கதவில் மூன்று பெயர் தொங்குகிறது. நான் யோனாய்திஸ். கல்யாணமானதால் எக்லே யோனாய்தியேனே. கல்யாணமாகாத நாலு வயது ருகிலே யோனாய்தீத்தே. புதுத் தபால்காரர் வந்து, “இந்த வீட்டில் எத்தனை குடித்தனம்?” என்கிறார்.

பிருத்தே: 2003-லிருந்துதான் பெண்கள் குடும்பப் பெயரின் கடைசியில் ‘ஏ’ மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்களே. ஆனவளா ஆகாதவளா என்றே தெரியாது. பிறகு ஊரில் பேச என்ன இருக்கிறது?

ஜில்வினஸ்: அதற்காகவே எக்லேயிடம் சொல்லப்போகிறேன்.

பிருத்தே: (துருவிய பீட்ரூட்டைத் தட்டில் கூட்டியபடி, சாவதானமாக) ஒரே ஒரு சந்தேகம் மாப்பிள்ளை. டாக்டர் சொன்ன தேதி ஜூலை 30. நாள் தள்ளி ஆகஸ்டில் பிறந்துவிட்டால்?

ஜில்வினஸ்: பிறந்தால் என்ன?

பிருத்தே: ஜூலை மாதத்துக்கும் லிண்டன் மரத்துக்கும் ஒரே பெயர், பொருத்தமாக இருக்கும். ஆனால் ஆகஸ்டுக்குப் பெயர் ருக்பியூதிஸ், ரை அறுவடை. மூத்தவள் ரை, இளையவள் அறுவடை என்றால் நன்றாகவா இருக்கும்?

(ஜில்வினஸின் கையிலிருந்து கத்தி நழுவுகிறது.)

ஜில்வினஸ்: யார் சொன்னது?

பிருத்தே: எதை?

ஜில்வினஸ்: லியேபா என்று!

பிருத்தே: இப்போது நீங்கள்தான் சொன்னீர்கள். அதற்கு முன்னால் ருகிலே சொன்னாள்.

ஜில்வினஸ்: குழந்தையை மிரட்டினீர்களா?

பிருத்தே: நான் என்ன கதையில் வரும் மாமனா? சாக்லேட் தோய்த்த சூரெலிஸ், அந்தப் பாலாடைக்கட்டி இனிப்பு, ஒன்று கொடுத்தேன். “மரம்” என்றாள். இரண்டாவது கொடுத்தேன். “லியேபா” என்றாள். மூன்றாவதை வாங்கிக்கொண்டு, அப்பா கார் வாங்கக் கடன் போட்டிருக்கிறார் என்றாள். அதை நான் கேட்கவே இல்லை.

ஜில்வினஸ்: என் வீட்டிலேயே ஒரு திரெபுலே! (நாற்காலியில் உட்கார்ந்து) சரி. இதோடு நிற்கட்டும். வேறு யாருக்கும் தெரியாதே?

பிருத்தே: யாருக்கும் தெரியாது. அவுத்ரியுஸுக்கு மட்டும்தான் சொன்னேன்.

ஜில்வினஸ்: புயலுக்கா! அப்போது அய்தஸுக்கு?

பிருத்தே: எதிரொலிக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

(மாடியில் கதவு திறக்கும் சத்தம். எக்லேயின் போன் மணி. “அண்ணா... என்ன? எந்த லியேபா?” பிறகு படியில் மெதுவான, கனமான காலடிகள்.)

ஜில்வினஸ்: அத்தை, அந்தக் கதையில் எக்லே கடற்கரையில் நின்று புருஷனை எப்படிக் கூப்பிடுவாள்?

பிருத்தே: “ஜில்வினே, ஜில்வினேலி, உயிரோடு இருந்தால் பால் நுரையாக வா, செத்துவிட்டால் ரத்த நுரையாக வா.” எதற்குக் கேட்கிறீர்கள்?

(பிருத்தே பீட்ரூட்டை கெஃபீரில் கொட்டிக் கலக்குகிறார். வெள்ளையில் முதலில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது, பிறகு சுழல்கிறது, பிறகு பாத்திரம் முழுக்க ரோஸ் நிறத்தில் நுரை கட்டுகிறது. ஜில்வினஸ் எட்டிப் பார்க்கிறார்.)

ஜில்வினஸ்: இன்னும் கொஞ்சம் கெஃபீர் ஊற்றுங்களேன் அத்தை. சீக்கிரம்.