மூடியது யார் என்று எழுதி ஒட்டுங்கள்

சோனி நிறுவனத்திலிருந்து திருடுபோய் வெளியான மெயில்களைப் பற்றி நேற்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. அப்போது ஒரு தம்பி கேட்டார்: "திருட்டுப் பட சைட்டை மூடினா உங்களுக்கு எங்கண்ணே வலிக்குது?" அங்கே நாலு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் பல வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கான விண்ணப்பம், பிள்ளைகளுக்குக் கல்லூரி அட்மிஷன் என்று எல்லாமே ஒரே மேசையில்தான் நடக்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாரம் ஒரு நாள் பாம்பனிலிருந்து பஸ்ஸில் வருவார். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பழைய இதழ்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் தளத்தில் தேடுவதும், கிடைத்ததை பென் டிரைவில் ஏற்றிக்கொள்வதும் அவர் வழக்கம். நம்ம சீமைக்காரர் ஆரம்பித்த சங்கம் என்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. பொடி எழுத்தைப் படிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து உட்கார்ந்திருப்பார்.

2017 ஆகஸ்டில் ஒரு நாள் அந்தத் தளம் திறக்கவில்லை. வெள்ளைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி மட்டும் இருந்தது. அரசு உத்தரவின்படி இந்த முகவரி தடுக்கப்பட்டுள்ளது, விவரத்துக்கு நிர்வாகியை அணுகவும். எந்த நிர்வாகி? எங்களுக்கு நெட் கொடுப்பவரைக் கூப்பிட்டேன். "மேலேருந்து வந்துச்சுண்ணே, எங்களுக்கே தெரியாது" என்றார். ஆசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டதை இன்னும் மறக்கவில்லை. "தம்பி, நான் ஏதும் தப்பா தட்டிட்டேனா?"

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்திப் படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள். உலகத்தின் மிகப் பெரிய இணைய நூலகம் ஒன்றும் அதில் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அந்த நூலகத்தார் சொன்னார்கள். பிறகு திறந்துவிட்டார்கள், சரி. ஆனால் ஏன் மூடினோம், ஏன் திறந்தோம் என்று அந்த ஆசிரியருக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

என்னை உறுத்துவது இந்தச் "சொல்லவில்லை"தான்.

திருட்டுப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் மனைவியின் தம்பி சென்னையில் துணை இயக்குநர். மூன்று வருஷம் உழைத்த படம், வெளியான அன்று சாயங்காலமே செல்போனில் சுற்றியது. "அத்தான், எங்க வயித்துலயே அடிக்கிறாய்ங்க" என்று போனில் அழுதான். அந்த அழுகை நியாயமானது. என் கடையில் ஒரு படம்கூட நான் இறக்கிக் கொடுத்ததில்லை.

ஆனால் மூடினால் நிற்கிறதா? 2018 நவம்பரில் '2.0' வருவதற்கு முன்பே 12,000-க்கும் மேற்பட்ட முகவரிகளைத் தடுக்கச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் வெளியான அன்றே இணையத்தில் வந்துவிட்டது. இதன் சூட்சுமம் ரொம்ப எளிது. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், நெட் கொடுக்கிற நிறுவனம் தன் பதிவேட்டைப் பார்த்து அந்தப் பெயருக்கு உரிய எண்ணை எடுத்துக் கொடுக்கும். பல இடங்களில் தடை என்பது அந்தப் பதிவேட்டில் பொய் எழுதுவதுதான். தளம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நமக்கு மட்டும் வழி மாற்றிச் சொல்கிறார்கள். என் கடைக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பையன் போனில் இரண்டு நிமிஷத்தில் வேறு பதிவேட்டை வைத்துக்கொள்கிறான். திருட்டுத் தளக்காரன் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தை மாற்றி மறுபடி கடை விரிக்கிறான். மாட்டிக்கொள்வது தமிழாசிரியர்தான். கடலடியை அரித்து வரும் இழுவைமடி வலையில் மீன் குஞ்சும் முட்டையுமாக ஏறி வருமே, அந்தக் கதை.

இப்போது அந்த மெயில்களுக்கு வருகிறேன். பேச்சு ஆரம்பித்ததே அதில்தான்.

2014 நவம்பரில் சோனி பிக்சர்ஸ் என்ற ஹாலிவுட் படக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். வட கொரியாதான் செய்தது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. மறு வருஷம் ஏப்ரலில், ரகசிய ஆவணங்களை வெளியிடுகிற விக்கிலீக்ஸ் தளம் அதில் 1,73,132 மெயில்களையும் 30,287 ஆவணங்களையும் யாரும் தேடிப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டது. நடிகர்களைப் பற்றிய கிசுகிசுவைத்தான் உலகம் விழுந்து விழுந்து படித்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு.

2012-க்குப் போக வேண்டும். திருட்டுத் தளங்களைத் தடுக்க சோபா (SOPA) என்று ஒரு மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தது. ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிபீடியா ஒரு நாள் முழுக்கத் தன்னை இருட்டாக்கிக்கொண்டது. லட்சக்கணக்கான மக்கள் தங்கள் உறுப்பினர்களிடம் முறையிட்டார்கள். இரண்டே நாளில் மசோதா கிடப்பில் போனது. மக்கள் முன்னால், வெளிச்சத்தில் பேசித் தோற்ற ஒரு யோசனை அது.

ஆனால் அது சாகவில்லை என்பதை அந்த மெயில்கள் காட்டின. ஆறு பெரிய ஹாலிவுட் நிறுவனங்களின் வக்கீல்களும் அவர்களுடைய சங்கமும் சேர்ந்து, தளங்களைத் தடுக்க வேறு என்ன சட்ட வழி இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கூகுளுக்கு அவர்கள் வைத்த ரகசியப் பெயர் கோலியாத். எங்கள் ஊரில் மறைக்கல்வி படித்த எந்தப் பிள்ளைக்கும் கோலியாத் யார் என்று தெரியும்: பைபிளில் சின்னப் பையன் தாவீது கவண்கல்லால் வீழ்த்திய ராட்சசன். அப்படியென்றால் டிஸ்னியும் வார்னரும் சோனியும் கவண் ஏந்திய தாவீதாம்! அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் தலைமை அரசு வக்கீல் (அட்டர்னி ஜெனரல்) ஜிம் ஹூட் கூகுளுக்கு அனுப்பிய கடிதத்தின் பெரும்பகுதியை எழுதிக் கொடுத்தது திரைப்படத் துறைக்கு வேலை செய்த ஒரு சட்ட நிறுவனம் என்று நியூயார்க் டைம்ஸ் 2014 டிசம்பரில் எழுதியது. அதாவது கடிதத்தில் முத்திரை அரசாங்கத்துடையது, வாசகம் வியாபாரியுடையது. பார்க்கிறவனுக்கு முத்திரை மட்டும்தான் தெரியும்.

திருடிய கடிதத்தைப் படிக்கலாமா என்று யாராவது கேட்டால், நானும் அதை யோசித்திருக்கிறேன் என்றுதான் சொல்வேன். அந்தக் குவியலில் சுமார் 47,000 பேரின் அடையாள எண்கள் இருந்தன. கணக்கெழுதுகிறவர், மேக்கப் போடுகிறவர் என்று சாதாரண ஊழியர்களின் சம்பள விவரமும் நோய் விவரமும் சந்திக்கு வந்தன. அதைச் செய்தவர்கள் பாவிகள்தான், அதை அப்படியே ஏற்றி வைத்ததும் தப்பு. ஆனால் ஊருக்குப் பொதுவான பாதையை எப்படி அடைக்கலாம் என்று நாலு பேர் கூடிப் போட்ட திட்டம் யாருடைய சொந்த விஷயமும் இல்லை. திருடன் வந்து கதவை உடைத்த பிறகுதான் அது நமக்குத் தெரிந்தது என்பதே வெட்கப்பட வேண்டிய சங்கதி. அது முறைப்படி நம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி அரசு ஒரு தளத்தைத் தடுக்கலாம். 2009-இல் போட்ட விதிகளில் 16-ஆவது, புகாரும் நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. 2015-இல் உச்ச நீதிமன்றம், இணையத்தில் ஆட்சேபகரமாக எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவைத் தூக்கியெறிந்தபோது 69ஏ பிரிவை விட்டுவைத்தது. காரணத்தை எழுத்தில் பதிவு செய்கிறார்களே, பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வழக்குப் போடலாமே என்பது நீதிமன்றம் சொன்ன நியாயங்களில் ஒன்று. ஆனால் எழுதிய தாளைக் கண்ணில் காட்டாவிட்டால் எதை எதிர்த்துப் போடுவது?

2025 பிப்ரவரி 15 சாயங்காலம் விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. அமெரிக்க அதிபர் பக்கத்தில் நம் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பது போல ஒரு கேலிச்சித்திரம் அவர்களுடைய இணைய இதழில் வந்திருந்தது. முதலில் தளம் முடங்கியது, அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரம் உள்ள பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தச் சித்திரம் பிடிக்காதவர்கள் இருக்கலாம், அது அவர்கள் பாடு. ஏறக்குறைய நூறு வருஷப் பழமையான ஒரு தமிழ்ப் பத்திரிகை ஒரு பக்கத்துக்காக மொத்தமாக மூடிக் கிடந்தது என்பதுதான் விஷயம். ஒரு படத்துக்காக வாங்கிய உத்தரவில் முழுத் தளங்களை மூடியபோது, குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுத்தால் போதும் என்று 2012 ஜூனிலேயே இதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது. பதின்மூன்று வருஷமாகியும் அங்கேயேதான் நிற்கிறோம்.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. கச்சத்தீவு அந்தோனியாருக்கு வருஷா வருஷம் படகேறிப் போகிற எங்கள் சனத்துக்கு அது அடுத்த வீட்டு இழவு. வதந்தி பரவக் கூடாது என்று இலங்கை அரசு வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் முடக்கியது. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு அக்கா என் கடைக்கு வந்தார். அவர் தங்கை கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்தாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒரு டிக்தான் விழுகுது அண்ணை. போகேல்லையோ?" சாம்பல் நிறத்தில் ஒத்தை டிக். கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. இருக்கிறியா, இருக்கிறியா என்று பதினொரு தடவை அனுப்பியிருந்தார். கடை போனிலிருந்து ஐஎஸ்டி போட்டோம், லைன் கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம்தான் தங்கையின் குரலைக் கேட்டார். அந்த அரசாங்கத்திடம் நல்ல காரணம்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒத்தை டிக்குக்குப் பக்கத்தில், "இது அரசு முடக்கியது, உன் தங்கைக்கு ஒன்றும் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை" என்று சொல்ல ஆள் இல்லை.

மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்களுக்குக் கடலையே மூடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கட்டிக் கிடக்கும். காற்று என்றால் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் தராது. முணுமுணுப்போம், ஆனாலும் கரையிலேயே இருப்போம். ஏனென்றால் சொன்னது யார், எதற்காக, எத்தனை நாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தப்பென்று பட்டால் எந்த ஆபீஸ் வாசலில் போய் உட்கார வேண்டும் என்றும் தெரியும்.

இணையத்துக்கும் அதைத்தான் கேட்கிறேன். அந்த வெள்ளைப் பக்கத்தில், தடுக்கச் சொன்னது எந்த நீதிமன்றம் அல்லது எந்தத் துறை, வழக்கு எண் என்ன, கேட்டு வாங்கியவர் யார், எந்தத் தேதி வரை, எதிர்ப்பு இருந்தால் எங்கே மனுப் போடுவது என்று தமிழில் போடுங்கள். பட்டியலைப் பொதுவில் வையுங்கள். அப்படி வைத்திருந்தால் அதில் ஒரு நூலகம் இருப்பதை முதல் நாளே யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

இதற்கு முறைப்படி ஒரு மனுவாவது போட வேண்டும் என்று நினைக்கிறேன். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ வக்கீலாக இருக்கும் நண்பர்கள் யாராவது கூட வந்தால் நல்லது. கமெண்டில் சொல்லுங்கள், இல்லையென்றால் கடைக்கே வாருங்கள், காலை ஒன்பது மணிக்குத் திறந்துவிடுவேன்.