ஆமாம், சோப்பு விற்கத்தான் போகிறேன்

ஞாயிற்றுக்கிழமை அலும்னி மீட் கிளிப்பை இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும். நான் அங்கேதான் இருந்தேன், மூன்றாவது வரிசையில். பிஎச்டி முடித்த நான் பிசினஸ் ஸ்கூலுக்குப் போவது ஆராய்ச்சியை விட்டு ஓடுவதாம், தேசத்துக்குத் துரோகமாம். "சோப்பு விக்கப் போறதுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்?" என்று மேடையில் பேசியவர் மைக்கில் கேட்டதும் அரங்கமே சிரித்தது. கிளிப்பில் தெரியாத ஒன்று, நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, சோப்பு பற்றியே பேசுவோம். என் தீசிஸே சர்ஃபாக்டண்ட். ஒரு நுனி எண்ணெயைப் பிடிக்கும், மறுநுனி தண்ணீரைப் பிடிக்கும், சோப்புக்குள் இருப்பதே அந்தச் சாமான்தான். எந்தச் செறிவில் அதன் மூலக்கூறுகள் சேர்ந்து மைசெல் என்ற குட்டி உருண்டையாகின்றன என்று, மின்கடத்தும் திறனை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டரை முறைத்துப் பார்த்தே ஐந்தரை வருஷம் போயிற்று. அதைப் பேப்பராகப் போட்டால் அறிவியல் சேவை, கடையில் விற்றால் கேவலமா? மேடையில் பேசியவர் காலையில் எதைப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாராம்?

பிசினஸ் ஸ்கூலுக்கு ஏன் அப்ளை செய்தேன் என்று யாராவது ஒழுங்காகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மூன்று வாரம் போல. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் சோப் நூடுல்ஸ் (பாமாயிலிலிருந்து வரும் சோப்பு மூலப்பொருள்) விலையைப் பற்றி அவசர மீட்டிங். ஃபார்முலாவை எப்படி மாற்றலாம் என்று நான் நான்கு ஸ்லைடு போட்டேன். பர்ச்சேஸ் ஆள் ஒரே ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தார், பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. அந்த ஷீட்டில் பாதி எனக்குப் புரியவில்லை. என் ஃபார்முலாவின் தலையெழுத்து எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் எழுதப்படுகிறது. அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளப் போகிறேன். இதற்குப் பெயர் ஓட்டமா?

"அரசாங்கப் பணத்துல படிச்சுட்டு..." என்று ஆரம்பிப்பவர்களுக்கு. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை, மக்கள் வரிப்பணம்தான். ஆனால் அந்தப் பணம் வந்த அழகும் தெரியுமா? நான் சேர்ந்தபோது ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதை 31,000 ஆக்க 2019 ஜனவரி வரை ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் நின்று கத்த வேண்டியிருந்தது. அதுவாவது மாசாமாசம் வந்ததா? ஒருமுறை ஏழு மாசம் வரவில்லை. மெஸ் பில் கட்ட அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. காதில் ஈர்க்குச்சியோடு எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்தாள். அப்போது துரோகம், தேசம் என்ற சொல்லெல்லாம் எங்கே போயிருந்தன? ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு நேராக ஐஐஎம் போகிறவர்களும் அரசாங்கப் பணத்தில் படித்தவர்கள்தான். அவர்களுக்கு பேனர், எனக்கு மைக்கில் கிண்டல்.

இந்திரா நூயி படத்தைப் போட்டு "நம்ம சென்னைப் பொண்ணு" என்று பெருமைப்படுகிறீர்களே, அவர் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துவிட்டுத்தான் ஐஐஎம் கல்கத்தா போனார். பெப்சி விற்றால் பெருமை, சோப்பு விற்றால் சிரிப்பு.

வயசு முப்பத்திமூணு ஆச்சே என்பவர்களுக்கு: ஆமாம், ஆச்சு. ஒரு வருஷப் படிப்புக்கு ஃபீஸ் முப்பது லட்சத்தைத் தாண்டுகிறதே என்பவர்களுக்கு: தெரியும், கடன் என் பெயரில், உங்கள் பெயரில் இல்லை.

உண்மையில் வலித்தது வேறு. நான் நிரப்பிய ஃபாரத்தில் 'வேலை அனுபவம்' என்று ஒரு கட்டம். பிஎச்டி ஆராய்ச்சியைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். ராத்திரி இரண்டு மணிக்கு லேபில் கலவையைப் பிரிக்க காலம் (column) ஓட்டியது, ஜூனியர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது, கெட்டுப்போன இன்ஸ்ட்ருமெண்டுக்கு ஆள் தேடி அலைந்தது, எல்லாம் சேர்த்துப் பூஜ்ஜியம். அவர்கள் கணக்கில் நான் வேலையே பார்க்கவில்லை, இவர்கள் கணக்கில் வேலையை விட்டு ஓடுகிறேன். இரண்டு பேரும் ஒருமுறை உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்களேன்.

அப்புறம் அந்தச் சிபாரிசுக் கடிதம். என் பேராசிரியருக்கு லிங்க் அனுப்பி நான்கு தடவை கேட்டேன். "ஸ்பேம்ல போயிருக்கும்மா." ஐந்தாவது தடவை, "நீயே எழுதிக் கொண்டா, பாக்கறேன்." என்னைப் பற்றி நானே 'நேர்மையானவர்' என்று டைப் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் இரவுதான் அது போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் சத்தமாகச் சிரித்ததும் அவர்தான். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து சீட்டில் சிரித்த தோழி அன்று ராத்திரியே இன்பாக்ஸில் வந்தாள். "ஏய், ஜிமேட்டுக்கு எத்தனை மாசம் படிச்ச?" பிசினஸ் ஸ்கூல் நுழைவுத் தேர்வைத்தான் கேட்கிறாள். ஐந்து மாசம்டி. குவான்ட் என்ற கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, நம்மைப் போல ஆறு வருஷம் மெஷினில் தட்டிப் பழகிய ஆள் முதலில் வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கணும். புத்தகம் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கோ.