இரட்டைக் கருவில் ஒன்று போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்

தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவை வைத்து, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறு இருக்குமா என்று பார்க்கும் என்ஐபிடி ரத்தப் பரிசோதனை பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. எனக்கு 8ஆம் வாரத்தில் இரட்டையில் ஒன்றின் துடிப்பு நின்றுவிட்டது. ஸ்கேன் திரையில் அது அசையாமல் கிடந்தது, பக்கத்திலேயே மற்றது படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நின்றுபோன கருவின் நஞ்சுக்கொடியிலிருந்து டிஎன்ஏ பல வாரங்கள் அம்மாவின் ரத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கருவுக்குக் குரோமோசோம் கோளாறு இருந்திருந்தால், நல்லபடியாக வளரும் பிள்ளைக்கும் என்ஐபிடி பாசிட்டிவ் என்று காட்டிவிடலாம். இதே கோளாறுக்காக அம்மாவின் ரத்தத்தில் பார்க்கும் டபுள் மார்க்கர் பரிசோதனையும் குழம்பக்கூடும். அதனால் நாங்கள் 12ஆம் வாரத்தில் பிள்ளையின் பிடரியில் சேரும் நீரின் அளவைப் பார்க்கும் என்டி ஸ்கேனை நம்பினோம். அதில் சந்தேகம் வந்தால் 16 வாரத்துக்கு அப்புறம் பனிக்குட நீர்ப் பரிசோதனை என்று டாக்டருடன் பேசி வைத்திருந்தோம். பாசிட்டிவ் வந்த தாள் ஒன்றை மட்டும் பார்த்து யாரும் கலைக்க முடிவெடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.