பரவியது வேறு, பரப்பினார்கள் வேறு

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். யாருடையது என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். கொரோனா வந்த கதையைச் சொல்ல உட்கார்ந்தவர், தமிழ்நாடு முழுக்கப் பரப்பியது கோயம்பேட்டுக்காரர்கள்தான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையில் பரவியது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பரப்பினார்கள் என்று சொல்லாதீர்கள்.

இந்தியாவின் முதல் தொற்று 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் உறுதியானது. வூகானிலிருந்து திரும்பிய மருத்துவ மாணவி. தமிழ்நாட்டில் முதலாமவர் மார்ச் 7 அன்று, ஓமனிலிருந்து வந்தவர். அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. நோய் விமானத்தில் வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். மார்ச் மூன்றாம் வாரம் வரைக்கும் பரிசோதனை யாருக்கு? பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும்தான். அந்த நாட்களில் ஒரு லோடுமேனுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் யார் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்திருப்பார்கள்? தேடாத இடத்தில் நோய் இல்லை என்று நாமாக நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் ஏப்ரல் 24. சென்னையில் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை சந்தைக்கு ஓடியது யார்? நாம்தான். பையைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடியது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மூட்டை சுமந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். மே 5 அன்று சந்தையை மூடினார்கள். ஏப்ரல் 30 அன்று மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை 2,323. மே 15 அன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. பழியைத் தூக்கிப் போட ஒரு தலை வேண்டியிருந்தது, சும்மாடு வைத்த தலை கிடைத்தது.

சந்தையை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னபோது கேட்கவில்லையே என்பீர்கள். வியாபாரிகள் தயங்கியது உண்மைதான், அது தப்புதான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தையில் என் அப்பாவுக்கு நாற்காலி போட்டார்களா? மாஸ்க் போடவில்லையே என்று இன்னொருவர் வருவார். ஐயா, ஐம்பது கிலோ வெங்காய மூட்டையைத் தலையில் வைத்து நூறு அடி நடந்து பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அறிவியல் பேசு என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு மாநிலங்களின் தரவை வைத்து அதே 2020-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. தொற்றுள்ளவர்களில் ஏறக்குறைய 71 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று தென்படவில்லை. சிலரிடமிருந்துதான் பலருக்குப் போயிருக்கிறது. அந்தச் சிலர் கெட்டவர்கள் என்று அர்த்தமா? எங்கே, எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதுதான் விஷயம். நெருக்கத்தில் நிற்பதுதான் அவர்கள் பிழைப்பு.

அப்பா காய்கறி லாரியில் ஏறி அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தார். ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பரிசோதனையில் தொற்று இருந்தது, ஆனால் ஒரு தும்மல்கூட இல்லை. அம்மா தூக்குவாளியை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றதும்தான் அவர் வந்து எடுப்பார். பதினாலு நாள் அப்படித்தான். வீடு திரும்பிய பிறகும் டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப். கடைக்காரர் என் சொந்தச் சித்தப்பா.

இதெல்லாம் பழைய கதை, இன்னும் ஏன் பிடித்துத் தொங்குகிறாய் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எங்களுக்குப் பழசாகவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அப்பாவை அறிமுகம் செய்தார்கள். பெயரைச் சொல்லவில்லை. "இவர்தான் நம்ம கோயம்பேடு" என்றார்கள். பக்கத்து இலைக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு பாயசம் வரும் முன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.