ராபர்ட் ஓவன் என்ற நல்ல முதலாளியும் அந்த நாலு நிறக் கட்டையும்

கூட்டுறவு இயக்கத்துக்கு முன்னோடி என்று சொல்லப்படும் பிரிட்டிஷ் பஞ்சாலை முதலாளி ராபர்ட் ஓவன் பேச்சை எடுத்தால், எல்லோரும் பொதுவாக உழைத்து வாழலாம் என்று அமெரிக்காவில் அவர் நடத்திய நியூ ஹார்மனி குடியிருப்பு கவிழ்ந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. 1825-ல் தொடங்கி இரண்டே வருடத்தில் கலைந்துபோனது, அவர் சொத்தில் பெரும்பகுதியும் அதோடு போனது. சரி, அது தோல்விதான். ஆனால் எனக்கு உறுத்துவது அவர் ஜெயித்த இடம்.

ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையைத்தான் சொல்கிறேன். ஓவன் வேல்ஸ்காரர். பத்து வயதில் படிப்பை விட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போனவர். மாமனார் டேவிட் டேலிடமிருந்து கூட்டாளிகளோடு வாங்கிய அந்த ஆலையை 1800-ல் தன் பொறுப்பில் எடுத்தார். அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகளே அங்கு ஏறக்குறைய 500 பேர் இருந்தார்கள். அப்படிப் பிள்ளை பிடிப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் கீழே யாருக்கும் வேலை கிடையாது என்றார். 1816-ல் திறந்த பள்ளியில் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகளுக்கும் இடம் இருந்தது. பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. அடி மட்டும் இல்லை.

அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டுப் பஞ்சு வராமல் போனபோது ஆலை நாலு மாதம் ஓடவில்லை. இயந்திரங்களைத் துடைத்து வைத்ததற்கே எல்லோருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார், மொத்தம் 7,000 பவுண்டுக்கு மேல். இன்றைக்கு எந்த முதலாளி செய்வார்? (அமெரிக்கப் பருத்தியைப் பறித்தவர்கள் அடிமைகள். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.)

இதே மனிதர்தான் ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நாலு பக்க மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். நேற்று ஒழுங்காக வேலை செய்தவருக்கு வெள்ளைப் பக்கம் முன்னால் தெரியும். அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், மோசம் என்றால் கறுப்பு. தினமும் பேரேட்டில் பதிவும் உண்டு. திட்டு இல்லை, அடி இல்லை, ஆனால் ஆலையே உங்களை வேடிக்கை பார்க்கும். வேலை நேரத்தைப் பத்தரை மணியாகக் குறைத்தவரும் இவரேதான் என்பதால்தான் இவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

இதை அவரும் உணராமல் இல்லை. இவ்வளவு செய்தும் அந்த மக்கள் என் தயவில் வாழும் அடிமைகள்தான் என்கிற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். பெரிய மனசுதான். ஆனால் அந்தத் தயவில் தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. மற்ற முதலாளிகளின் தயவை நம்பியும் பயனில்லை என்று, ஆலைகளில் பிள்ளைகளின் வேலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் கேட்டு அவர் போராடினார். 1819-ல் வந்த சட்டமோ அவர் கேட்டதிலிருந்து வயதை ஒன்பதாக இறக்கி, சிறுவர்களின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக ஏற்றி, பஞ்சாலைகளோடு நின்றுவிட்டது.

அவருடைய கூட்டுறவு எண்ணம் உயிர் பிடித்தது அவர் கைக்கு வெளியே. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர், பலர் நெசவாளிகள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் ஒரு கடை திறந்தார்கள். ஓவனின் கருத்துகளில் ஊறியவர்கள் அவர்களில் இருந்தார்கள். நம் சென்னையில் 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கமும் இந்த வழியில் வந்ததுதான். நியூ லானார்க்கிலும் மலிவு விலைக் கடை இருந்தது, லாபம் பள்ளிக்குப் போனது. நல்ல செலவுதான், ஆனால் முடிவெடுத்தது ஓவன். ராச்டேலில் ஆளுக்கு ஒரு ஓட்டு. லாபத்தை என்ன செய்வது என்று அரிசி பருப்பு வாங்குகிறவர்கள் மாதிரியான சாதாரண ஆட்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள்.